பழைய ரேடியோ, ஃபேன், பிரிஜ், தையல் மெசின்: தோற்றத்தை மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வால்வு ரேடியோ, இரும்பு மேசை ஃபேன், வட்ட முனை பிரிஜ், கால்மிதி தையல் மெசின், பெற்றோமாக்ஸ், கரி ஸ்திரிக்கைப் பெட்டி என்று பல சாமான்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் கறள், பெயின்ட், குரோம், பித்தளை, மரம், பிளாஸ்டிக் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கான பதில்கள் இவை. உள்ளிருக்கும் மின்வேலை வேறு. அது எங்கே குறுக்கிடுகிறதோ அங்கே மட்டும் சொல்லியிருக்கிறோம்.

எதில் தொடங்க வேண்டும்?

கழுவுவதில். என்ன நிறம் அடிக்கலாம் என்ற யோசனையும் சாண்ட் பேப்பரும் பிறகு. அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிப் பழுப்பாகிப்போன பிரிஜ்ஜைக் கழுவினால், அடியில் பெயின்ட் நன்றாகவே இருப்பது பல நேரம் தெரியவரும். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியைப் பிழிந்து துடையுங்கள். மூலைகளுக்குப் பழைய பல் பிரஷ். தண்ணீரை ஊற்ற வேண்டாம். மோட்டார், சுவிட்ச், டயல் உள்ள பக்கத்துக்கு ஈரம் போகக்கூடாது.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஒரு கார்ட்போர்ட் துண்டில் சாமானின் படத்தைக் கீறி, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பழைய ஸ்க்ரூக்களில் நீளம் கொஞ்சம் மாறினாலும் உள்ளே காயிலைத் தொட்டுவிடும். இறுகிய ஸ்க்ரூவுக்குக் கறள் இளக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு ஒரு இரவு பொறுங்கள். பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் தலை தேய்ந்துபோகும். அந்தத் தலைதான் பிறகு எல்லார் கண்ணிலும் படும்.

வேலை செய்கிறதா என்று முதலில் பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். வருசக்கணக்காகக் கிடந்த சாமானில் ரப்பர் வயர் பொடிந்திருக்கும், துணி சுற்றிய வயர் ஈரம் குடித்திருக்கும், மின்னைத் தேக்கி வைக்கும் கொண்டென்சர் காய்ந்திருக்கும். 230 வோல்ட் பாய்ந்தவுடன் நல்லபடி இருந்த டிரான்ஸ்ஃபோர்மரும் கருகலாம்.

வால்வு ரேடியோவில் இன்னொரு ஆபத்து. டிரான்ஸ்ஃபோர்மர் இல்லாத பழைய ரகங்களில் உள்ளிருக்கும் இரும்புத் தட்டு நேரே மின்கம்பியின் ஒரு முனையோடு தொடுக்கப்பட்டிருக்கும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் அந்தத் தட்டு முழுவதும் மின்சாரம். குமிழைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் குழியை அந்தக் காலத்தில் மெழுகால் அடைத்து விற்றது இதற்காகத்தான். துப்புரவு செய்யும்போது அந்த மெழுகு போய்விட்டால் திரும்ப அடையுங்கள். அழகுக்காக, அதற்குப் பதில் வெளியே தெரியும் ஸ்க்ரூ ஒன்றைப் போடவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொண்டென்சரில் 200, 300 வோல்ட் தங்கலாம். அதை இறக்குவது ரேடியோ திருத்துபவர் வேலை.

பழைய ஸ்திரிக்கைப் பெட்டி, டோஸ்டர், ஹீட்டர் ஆகியவற்றின் உள்ளே வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பஞ்சுத் தாளோ நார்க்கயிறோ இருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். சுரண்டவோ ஊதவோ சாண்ட் பேப்பர் போடவோ கூடாது. அந்தச் சாமானின் வெளிப்புறத்தைத் துடைத்துக் காட்சிக்கு வைப்பதோடு நிறுத்துவது நல்லது.

எவ்வளவு தேய்த்துப் பெயின்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் கறள் திரும்புகிறது. ஏன்?

உப்பு. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி போன்ற ஊர்களிலும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரையும் வருசம் முழுக்க உப்புக்காற்று. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறை நகரப் பக்கமும் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே தூசியும் மாரி ஈரமும்தான் எதிரி.

கறள் பிடித்த இரும்பைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கக் குண்டூசித் தலை அளவு குழிகள் தெரியும். உப்பு அந்தக் குழிகளின் அடியில் இருக்கிறது. சாண்ட் பேப்பர் மேட்டைத் தேய்த்து மினுக்கும், குழிக்குள் இறங்காது. மேலே பெயின்ட் அடித்ததும் உள்ளிருக்கும் உப்பு பெயின்ட் படலத்தினூடாகவே காற்றின் ஈரத்தை இழுத்து எடுக்கும். முதலில் சின்னக் கொப்புளம், கொப்புளம் உடைந்தால் உள்ளே கறள். எத்தனை விலையுயர்ந்த பிரைமரும் இதைத் தடுக்காது.

செய்ய வேண்டியது இதுதான். தளர்ந்த கறளைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தபின், கழற்றிய இரும்புப் பாகத்தைச் சூடான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நைலோன் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவிடுங்கள். மூன்று தடவையாவது. கடற்கரை ஊர்களில் கிணறு பெரும்பாலும் சவர். சவர்த் தண்ணீரில் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசுவதாகிவிடும். பைப் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் பாவியுங்கள். கடைசி அலசலுக்குப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் ஒரு லீற்றர் போதும். உடனே துடைத்து, வெயிலில் தொட முடியாத சூடு ஏறும்வரை வையுங்கள்.

பிறகு ஒரு சோதனை. பாகத்தைப் பெயின்ட் அடிக்காமல் ஒரு இரவு திறந்தபடி விடுங்கள். விடியப் பார்க்கும்போது முழுவதும் ஒரே மாதிரி மெல்லிய மங்கல் இருந்தால் அது சாதாரண ஈரத்தின் வேலை. 320 நம்பர் சாண்ட் பேப்பரால் ஒரு தேய்ப்பு போதும். புள்ளி புள்ளியாகச் செம்மஞ்சள் கறள் எழும்பியிருந்தால் அந்தக் குழிகளில் உப்பு இன்னும் இருக்கிறது. திரும்பக் கழுவுங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுவே.

2004 சுனாமித் தண்ணீரில் மூழ்கி அப்படியே மூலையில் வைத்த தையல் மெசின், ஃபேன் உள்ளவர்கள் இந்தக் கழுவலை இரண்டு மடங்கு செய்ய வேண்டும். தகடு மெலிந்து விரலால் அழுத்தினால் நெளிகிறதென்றால் தோற்ற வேலைக்கு முன் டிங்கர் வேலைக்காரரிடம் காட்டுங்கள்.

கறளை எடுக்க எது நல்லது?

சின்னப் பாகங்களுக்குச் சிற்றிக் அமிலம். ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போட்டுக் கரைத்து, பாகம் முழுதாக மூழ்க வையுங்கள். பாதி மூழ்கினால் தண்ணீர் மட்டத்தில் கோடு அரித்துவிடும். ஒவ்வொரு மணித்தியாலமும் எடுத்துப் பிரஷ் போட்டுப் பாருங்கள். இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். மறந்து இரண்டு நாள் விட்டால் நல்ல இரும்பும் கறுத்துச் சொரசொரப்பாகும். எடுத்தவுடன், லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அலசுங்கள்.

தென்னங்கள்ளு வினாகிரியும் வேலை செய்யும், பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணித்தியாலம் எடுக்கும். ஹிங்குராணைப் பக்கம் சீனி ஆலையின் கழிவுப் பாணி கிடைப்பவர்களுக்கு ஒரு மலிவான வழி: ஒரு பங்கு பாணிக்கு ஒன்பது பங்கு தண்ணீர், மூடிய வாளியில் ஒன்று இரண்டு கிழமை. நல்ல இரும்பை மிக மெதுவாகத்தான் தொடும் என்பது இதன் சிறப்பு. புளித்து மணக்கும் என்பதால் வளவின் கோடியில் வையுங்கள்.

மின்பகுப்பு முறை வலிமையானது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் மறை முனை சாமானுக்கு, நேர் முனை ஒரு பழைய இரும்புக் கம்பிக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டி போட்டால் நச்சான குரோமியம் உப்பு தண்ணீரில் கலக்கும். குமிழியாக எழும்புவது ஹைட்ரஜன், ஆகவே வெளியிடத்தில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். சார்ஜரை நிறுத்திய பிறகே கம்பியைத் தொடுங்கள்.

இந்த முறைகள் எல்லாம் வெறும் இரும்புக்கு மட்டும். அலுமினியம், நாகம் (துத்தநாகம்) பூசிய தகடு, குரோம் பூசிய பாகம் எதையும் இவற்றுள் போடாதீர்கள்.

பழைய பெயின்ட்டை வைத்துக்கொள்ளலாமா, முழுக்கச் சுரண்ட வேண்டுமா?

வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. தொழிற்சாலையில் சூளையில் சுட்ட எனாமல் வீட்டு ஸ்பிரேயை விடக் கடினமானது. கையால் எழுதிய கோடும் ஒட்டிய முத்திரையும் ஒருமுறை போனால் போனதுதான். நாலைந்து இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்து, மிச்சத்தைக் காருக்குப் போடும் ரபிங் கொம்பவுண்டால் மெதுவாகத் தேய்த்து, மெழுகு பூசுங்கள். மங்கிய வெள்ளை பிரிஜ் ஒன்று இப்படியே பளிச்சென்று வரும். விளிம்பிலும் மூலையிலும் பெயின்ட் மெல்லிசு, அங்கே இரண்டு தேய்ப்போடு கையை எடுங்கள்.

பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியில் துடைத்தெடுத்துக் கட்டி எறியுங்கள். பிள்ளைகளும் கோழியும் திரியும் முற்றத்தில் செய்ய வேண்டாம்.

நிறம் பொருத்த வேண்டுமென்றால் வெளிப்பக்கத்தைக் காட்டாதீர்கள், அது வெளிறியது. கதவின் பிணைச்சலுக்குப் பின்னால் அல்லது பெயர்த்தகட்டுக்கு அடியில் வெயில் படாத நிறம் இருக்கும். அந்த இடத்தைக் கொம்பவுண்டால் துடைத்துவிட்டு பெயின்ட் கலக்கும் கடைக்கு அந்தப் பாகத்தையே கொண்டு போங்கள்.

இங்கே பெயின்ட் அடிக்க எந்த மாதம், எந்த நேரம்?

பெப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி முடியும்வரை மாரி ஈரம். மழை விட்ட வெயில் நாளிலும் காற்றில் ஈரம் குறையாது. அந்த மாதங்களைக் கழுவல், பொலிஷ், மரவேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாளில் காலை எட்டரை முதல் பதினொன்று வரை நல்லது. பனி காய்ந்திருக்க வேண்டும், கடற்காற்று பலமாக எழும்பியிருக்கக் கூடாது. கச்சான் (தென்மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் நாட்களில் வேறு தொல்லை: காற்று சூடாகவும் உலர்ந்தும் இருப்பதால் ஸ்பிரே துளி தகட்டில் விழமுன் பாதி காய்ந்து, தொட்டால் மணல் மாதிரி இருக்கும். அந்த நாட்களில் மூன்று பக்கம் மறைத்த தாழ்வாரத்தில் வைத்து அடியுங்கள், அல்லது தின்னரில் மெதுவாகக் காயும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்த நாளிலும் வெயிலில் வைத்த சூட்டோடு தகட்டில் அடிக்க வேண்டாம்.

பிரிஜ் அல்லது ஃபேன் உடம்புக்குப் பெயின்ட் அடிக்கும் ஒழுங்கு என்ன?

உப்புக் கழுவல் முடிந்து காய்ந்த தகட்டை 180 நம்பர் பேப்பரால் தொடங்கி 240, 320 என்று தேயுங்கள். பெயின்ட் நிற்கும் இடத்துக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள படியை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியும் படி பளபளப்பான பெயின்ட்டின் கீழ் கண்ணுக்கும் தெரியும்.

நெளிவுக்குப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை. இரண்டு பாகம் கலக்கும் பட்டியில் கடினமாக்கி எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். எங்கள் சூட்டில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால் அதன் நிறம் மேலே அடித்த வெள்ளையினூடாக மஞ்சள் கறையாக எழும்பும்.

கடைசித் தேய்ப்புக்குப் பிறகு கையுறை போட்டுக்கொண்டு, தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அன்றைக்கே இரும்புக்கான பிரைமர் இரண்டு மெல்லிய பூச்சு. நாளைக்கென்று விட்டால் இரவுக் காற்று திரும்பக் கறளைத் தொடக்கிவிடும். நாகம் பூசிய தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் சாதாரண பிரைமர் பிடிக்காது, கடையில் எட்ச் பிரைமர் என்று கேளுங்கள். பிரைமர் காய்ந்தபின் 400 நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, காயவிட்டு, நிறம் மூன்று மெல்லிய பூச்சு.

400 மில்லிலீற்றர் ஸ்பிரே டின் ஒன்று இரண்டு பூச்சாக ஏறத்தாழ ஒரு சதுர மீற்றருக்குக் காணும். மேசை ஃபேனுக்கு ஒரு டின் தாராளம். நடுத்தர பிரிஜ்ஜின் முன்பக்கமும் இரண்டு விலாவும் சேர்ந்து இரண்டரை சதுர மீற்றர் வரும். நிறம் நாலைந்து டின், பிரைமர் மூன்று. அந்தக் காசுக்கு, தேய்த்துத் தயார் செய்த பிரிஜ்ஜை வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜுக்குக் கொண்டுபோவது மேல். கடினமாக்கி சேர்த்து அடிக்கும் டூ-கே பெயின்ட்டை வீட்டில் அடிக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது.

டின்னுக்குள் குண்டு ஆடத் தொடங்கியபின் இன்னும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரம். விளிம்புக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறு விளிம்புக்கு வெளியே விடுங்கள்.

பெயின்ட்டில் வரும் பிழைகளைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். பால் போல வெள்ளை பூத்தால் ஈரம்: தின்னர் ஆவியாகும்போது தகட்டுப் பரப்பு குளிர்ந்து காற்றின் நீர் அதில் படிந்துவிட்டது. உலர்ந்த நாளில் மெல்லிதாகத் தின்னர் ஸ்பிரே செய்தால் சில நேரம் தெளியும்.

சின்னச் சின்ன வட்டக் குழிகளாகப் பெயின்ட் விலகி நின்றால் எண்ணெய். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையால் தொட்டதும் காரணமாகலாம், பக்கத்தில் யாராவது சிலிக்கோன் பொலிஷ் ஸ்பிரே அடித்ததும் காரணமாகலாம். மேலே இன்னும் அடிப்பதால் மறையாது. காயவிட்டுத் தேய்த்து, துடைத்து, திரும்ப அடியுங்கள்.

முதல் பூச்சு சுருங்கித் தோல் போலச் சுருண்டால் நேரம் பிழைத்துவிட்டது. பெரும்பாலான டின்களில் அடுத்த பூச்சை ஒரு மணித்தியாலத்துக்குள் அடி, தவறினால் ஒரு நாள் பொறு என்று எழுதியிருக்கும். நடுவில் அடித்தால் புதிய தின்னர் அரைகுறையாகக் காய்ந்த படலத்தின் அடிக்கு இறங்கி அதைத் தூக்கிவிடும். தோடம்பழத் தோல் போல மேடுபள்ளம் வந்தால் தூரம் கூடிவிட்டது அல்லது வெக்கை கூடிவிட்டது. ஒரு கிழமை காயவிட்டு 1500, 2000 நம்பர் பேப்பரால் தண்ணீரில் தேய்த்துக் கொம்பவுண்ட் போட்டால் சமனாகும்.

குரோம் பாகங்களில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. போகுமா?

புள்ளி போகும், குழி போகாது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மென்மை, ஆனபடியால் கீறாது. கறுப்புச் சாறு வந்தால் துடைத்துவிட்டுப் புதிய தாள். பிறகு மெழுகு பூசினால் அது நுண்துளைகளை அடைக்கும். எழுவான்கரை வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த மெழுகு வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தால் துடைக்க வேண்டாம், அது குரோமையே கரைக்கும். குரோம் உரிந்து செதிலாக நின்றால் திரும்ப முலாம் பூசுவதைத் தவிர வழியில்லை.

பித்தளைக்குப் பழப்புளி நல்லதா?

வெறும் பித்தளைக்கு நல்லது. தேசிக்காய் அளவு புளியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துப் பூசி, ஐந்து நிமிடத்தில் கழுவுங்கள். அரை மணி நேரம் விட்டால் பித்தளையின் நாகம் கரைந்து செம்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். புளியோடு உப்புச் சேர்ப்பது வழக்கம். விளக்குக்கும் குத்துவிளக்குக்கும் சரி, மடிப்பும் இணைப்பும் உள்ள சாமானுக்கு வேண்டாம், இடுக்கில் தங்கும் உப்பு பச்சைக் களிம்பைக் கொண்டுவரும்.

பெற்றோமாக்ஸ் விளக்கின் தொட்டி வெள்ளி போல, ஆனால் கொஞ்சம் மஞ்சள் சாயலோடு மின்னினால் அது பித்தளையின் மேல் பூசிய நிக்கல். புளியும் கரகரப்பான பொலிஷும் போட்டுத் தேய்த்தால் நிக்கல் போய்ப் பித்தளை தெரியும், திரும்ப வராது. சவர்க்காரத் தண்ணீரும், நன்றாக அரைத்த சோக்குத் தூளும், மென்துணியும் போதும். பிரைமஸ் அடுப்பு, பெற்றோமாக்ஸ் இரண்டின் தொட்டியும் அழுத்தம் தாங்க வேண்டியவை. நெளிவை அடித்து நிமிர்த்தாதீர்கள், மோட்டார் பொலிஷ் சக்கரத்தால் தேய்க்காதீர்கள். அமோனியா கலந்த பொலிஷ் திரவம் இணைப்பில் தங்கினால் காலப்போக்கில் பித்தளை மயிரிழையாக வெடிக்கும். எந்தப் பொலிஷையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி முடியுங்கள்.

கறுப்பு, கபில நிற ரேடியோப் பெட்டி மங்கிவிட்டது. அது பேக்கலைட்டா?

தட்டினால் கனத்த ஒலி, வெந்நீர்த் துணியால் தேய்த்து முகர்ந்தால் மருந்து போன்ற ஒரு மணம்: பேக்கலைட். லியோ பேக்கலண்ட் 1909 இல் காப்புரிமை பெற்ற பொருள் இது. உள்ளே பெரும்பாலும் மரத்தூள் நிரப்பியிருப்பார்கள். மேலே மட்டும் பிசின் செறிந்த ஒரு மெல்லிய மினுக்கத் தோல். வெயில் அந்தத் தோலைத் தின்றதும் மரத்தூள் வெளியே தெரிந்து மங்கிப்போகும். ஆகவே தண்ணீரில் ஊறவிட வேண்டாம், மரத்தூள் ஊதும். சாண்ட் பேப்பரும் வேண்டாம். உலோகப் பொலிஷ் திரவத்தைத் துணியில் தொட்டு உள்ளங்கை அளவு இடமாகத் தேயுங்கள். துணி கபில நிறமாவது இயல்பு. பிறகு கெட்டி மெழுகு இரண்டு பூச்சு. முழுக்கச் சொரசொரப்பான மேல்பக்கத்துக்குக் கபில நிறச் சப்பாத்துப் பொலிஷ் நன்றாகப் பிடிக்கும்.

வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. வெளுக்கலாமா?

ஏ.பி.எஸ். என்ற, ஒளி புகாத கடின பிளாஸ்டிக்கானால் வெளுக்கலாம். சலூன்களில் பாவிக்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் கிரீமை, சவர்க்காரத்தால் கழுவிக் காய்ந்த பாகத்தில் சமமாகப் பூசி, கிளிங் ஃபில்மால் இறுக்கிச் சுற்றி வெயிலில் வையுங்கள். எங்கள் வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை பிரித்துக் கிரீமைக் கலைத்துத் திரும்பப் பூச வேண்டும். ஓரிடம் காய்ந்தால் அந்த வடிவிலேயே வெள்ளைத் தழும்பு விழும், அதை எடுக்க வழியில்லை. நாலைந்து மணித்தியாலம் போதும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அச்சிட்ட எழுத்தையும் உலோக முத்திரையையும் முன்பே கழற்றவோ மறைக்கவோ வேண்டும். சில வருசத்தில் மஞ்சள் கொஞ்சம் திரும்பும், வெயில் படாத இடத்தில் வைத்தால் தாமதமாகும்.

கண்ணாடி போல் தெளிந்த, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பழைய பிளாஸ்டிக் பெரும்பாலும் பொலிஸ்டைரீன். பெற்றோலும் தின்னரும் நகப்பூச்சு எடுக்கும் திரவமும் அதைக் கரைக்கும். தேசிக்காய்த் தோலின் எண்ணெய்கூட அதைக் கெடுக்கும். சவர்க்காரத் தண்ணீர் மட்டும்.

மரப்பெட்டி ரேடியோவில் எதைத் தொடக்கூடாது?

டயல் கண்ணாடியின் பின்பக்கத்தை. நிலையங்களின் பெயர்கள் அந்தப் பக்கம்தான் அச்சிடப்பட்டிருக்கும். வருசங்கள் போனால் அச்சு கண்ணாடியை விட்டுத் தூள் போல நிற்கும். ஈரத் துணி ஒருமுறை பட்டால் கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள், பின்பக்கத்துக்கு உலர்ந்த மென்பிரஷ் லேசாக.

பெட்டியின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல் (வினீர்) உரிந்து தூக்கியிருந்தால், பழைய வச்சிரப் பசை சூட்டுக்கு இளகும். ஈரத் துணியை விரித்து, குறைந்த சூட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியை ஐந்து விநாடி வைத்து, உடனே பலகையும் பாரமும் வையுங்கள். ஒட்டாவிட்டால் மெல்லிய கத்தியால் மரப்பசை விட்டுக் கவ்வியால் ஒரு இரவு. மினுக்கத்தில் வெள்ளை மங்கல் என்றால் அரக்குப் பொலிஷுக்குள் ஈரம் போயிருக்கிறது. மெத்திலேற்றட் ஸ்பிரிட் சில துளி விட்ட, தொட்டால் ஈரம் தெரியாத அளவு துணியால் ஒரே திசையில் வேகமாக ஓட்டுங்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் துணி ஒட்டிக்கொள்ளும்.

தையல் மெசினின் தங்கப் பூவேலை அழிந்துகொண்டே போகிறது. எதனால் துடைப்பது?

தையல் மெசின் எண்ணெயால் மட்டும். கறுப்பு உடம்பின் மேல் பூவேலையை ஒட்டி அதன் மேல் மெல்லிய பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பிரிட், அமோனியா, கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அந்தப் பூச்சைக் கரைத்து, தங்கத்தை வெள்ளியாக்கிவிடும். பஞ்சில் எண்ணெய் தொட்டு, தடவி, பத்து நிமிடம் விட்டு, புதிய பஞ்சால் ஒற்றி எடுங்கள். பஞ்சில் தங்கத் துகள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஊசித்தட்டு, சக்கர விளிம்பு போன்ற முலாம் பாகங்களைக் கழற்றித் தனியே மினுக்குங்கள், பொலிஷ் பூவேலையில் பட வேண்டாம். சிங்கர் மெசினில் தொடர் இலக்கம் E என்ற ஆங்கில எழுத்தோடு இரண்டெழுத்தாகத் தொடங்கினால் அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980 இல் மூடப்பட்டது. கால்மிதியின் வார்ப்பிரும்புச் சட்டத்தைப் பெயின்ட் அடிக்கலாம், தலையைக் கூடியவரை அடிக்க வேண்டாம்.

ஃபேன் தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தபின் ஆடுகிறது. ஏன்?

நிறை மாறிவிட்டது. கழற்றும்போது எந்தத் தகடு எந்தக் கையில் இருந்தது என்று உள்பக்கம் இலக்கம் குத்தி வையுங்கள். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் நிறுங்கள். தகடுகளுக்கிடையில் இரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பாரமானதைத் தேயுங்கள். பழைய பெயின்ட்டை ஒன்றில் முழுக்க எடுத்து மற்றதில் விட்டுவைப்பதே பெரும்பாலும் காரணம். மோட்டார் வாயை மறைநாடாவால் மூடாமல் ஸ்பிரே அடித்தால் சுழல்தாங்கியில் (பெயரிங்கில்) பெயின்ட் இறங்கிச் சுழற்சி இறுகும்.

எனாமல் அடுப்பு, பாத்திரத்தில் உடைந்த இடத்தை நிரப்பலாமா?

அது கண்ணாடி, 800 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் உருக்கியது. வீட்டில் திரும்பச் செய்ய முடியாது. காட்சிக்கு எபொக்சித் தொடுபெயின்ட் போதும். நெருப்புப் படும் இடத்திலும் சாப்பாடு படும் இடத்திலும் அதுவும் வேண்டாம்.

கரி ஸ்திரிக்கைப் பெட்டிக்கு?

வெளி வார்ப்பிரும்பைக் கழுவிக் கறள் எடுத்து, சூடாக்கி, தேனீ மெழுகு மெல்லிதாகத் தேயுங்கள். பெயின்ட் வேண்டாம், யாராவது ஒருநாள் சிரட்டைக் கரி போட்டால் எரிந்து மணக்கும். சேவல் வடிவக் கொளுவி பித்தளையானால் புளி. மரப் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். பூசிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், சுருட்டினால் தானாகவே தீப்பற்றும்.

வேலை செய்யாத பழைய பிரிஜ்ஜை அலுமாரியாக வைக்கலாமா?

வைக்கலாம், இரண்டு விடயம் கவனித்து. பழையவற்றில் கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கொளுவி. பிள்ளை உள்ளே போய்க் கதவு மூடினால் சில நிமிடத்தில் மூச்சு முட்டும். வெளிப் பிடியைத் தோற்றத்துக்கு விட்டு, கொளுவியின் நாக்கைக் கழற்றி, கதவோரத்தில் காந்தப் பட்டை ஒட்டுங்கள். வேலை நடக்கும் நாட்களிலும் கதவைக் கழற்றியே வையுங்கள். மற்றது குளிர்வாயு. பின்பக்கக் குழாயை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். பழைய பிரிஜ்களில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சி.எஃப்.சி. இருக்கலாம். குளிரூட்டித் திருத்துபவரைக் கொண்டு வாயுவைச் சிலிண்டரில் எடுப்பித்த பிறகே குழாயையும் கொம்பிரசரையும் கழற்றுங்கள். கொம்பிரசரைக் கழற்றியபின் முன்பக்கம் பாரம் கூடிச் சாயும், பின்சுவரில் ஒரு பட்டியால் பிணைத்து வையுங்கள்.